சீட்டு எண் 73939133

குலை ஏற்றிய லோரி
இரவு இரண்டே காலுக்கு எடைப்பாலத்தில் ஏறியது.
அச்சு இயந்திரம் இருமி இருமித் துப்பிய சீட்டில்
எட்டு இலக்கம்:
73939133.

ஆ ஹோக் சன்னலில் கை நீட்டினான்.
நான் கொடுக்கவில்லை.
கடைசி இலக்கம் ஒன்று, மூன்று, ஏழு, ஒன்பது என்றால்
வகுத்துப் பார்க்கக் கை ஊறும் எனக்கு.
லாபிஸ் செம்பனை ஆலையில்
இரவு வேலைக்காரிக்கு வேறு படம் ஓடுவதில்லை.

மூன்றால் வகுத்தேன், மீதி இரண்டு.
ஏழால், மறுபடி இரண்டு.
பதின்மூன்றால் எட்டு.
"நேசமலர், பின்னால் நாலு லோரி நிக்குது."
வெள்ளைத்தாளை அவனிடம் கொடுத்தேன்,
இளஞ்சிவப்பு நகலை வைத்துக்கொண்டேன்.

அவன் லோரிக்குக் குலை ஏற்றுவது ஏழு பேர்.
கூலியை ஏழாகப் பிரித்தால் சில்லறை மிஞ்சும்;
மிஞ்சியது யார் சட்டைப்பைக்குப் போகும் என்று
எல்லோருக்கும் தெரியும்,
கணக்குப் புத்தகத்துக்குத்தான் தெரியாது.

கோடியில் இருக்கும் எண்ணைக்
கோடி வரை வகுக்கவேண்டாம்.
எண்ணாயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூற்றெட்டில் நிறுத்தலாம்.
அதற்குள் ஆயிரத்துச் சொச்சம் பகா எண்கள்,
எட்டு அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் கல்குலேட்டர்,
லோரிக்கும் லோரிக்கும் நடுவே
நான்கு இரவு.
ஒன்றும் உள்ளே நுழையவில்லை.
ஒவ்வொன்றும் வாசலில் ஏதாவது மீதி வைத்துவிட்டுப் போனது.

ஐந்தாம் நாள் ஆ ஹோக் திரும்பி வந்தான்.
மழையும் எண்ணெயும் பட்டு
அவன் சீட்டில் கடைசி மூன்று அழிந்திருந்தது.
"7393913ன்னு ஒரு சீட்டே இல்லையாம்,
காசு தரமாட்டேங்குறாங்க."

பழக்கதோஷம், அதையும் வகுத்தேன்.
பகவில்லை.
கட்டைவிரலால் இன்னொரு மூன்றை மறைத்தேன்.
739391.
அதுவும்தான்.
விரலை இடப்பக்கம் நகர்த்த நகர்த்த
73939, 7393, 739, 73,
கடைசியில் ஒற்றை ஏழு.
வாலை எத்தனை முறை நறுக்கினாலும்
பிடிவாதம் மட்டும் அப்படியே.

சரி, வளர்த்துப் பார்ப்போம் என்று
வலப்பக்கம் ஓர் ஒன்றை ஒட்டினேன்,
மூன்றால் உடைந்தது.
ஏழை ஒட்டினேன், அதே மூன்று.
மூன்றும் ஒன்பதும் சில நாள் தாக்குப்பிடித்தன,
பிறகு அவையும் உடைந்தன.
இரட்டைகளையும் ஐந்தையும் கேட்கவே வேண்டாம்.
இழந்து இழந்து நிற்கத் தெரிந்தது
ஒன்றே ஒன்றைச் சேர்த்துக்கொள்ளத் தெரியாமல்
எட்டோடு முடிந்துபோயிருக்கிறது.

ஆனால் அதெல்லாம் பிறகு.
அன்று ஆ ஹோக் கேட்டது
"முத்திரை வைப்பியா, மாட்டியா?"
அழிந்த மூன்றைப் பேனாவால் எழுதிக்
கையெழுத்தும் முத்திரையும் வைத்தேன்.
பணம் கிடைத்திருக்கும்,
ஏழாகப் பிரிந்தும் இருக்கும்.

அந்த இரவு அவனுக்குப் பின்னால் நின்ற லோரிக்கு
73939134.
இரண்டால் போகும், மூன்றால் போகும்,
ஆறு பேருக்கு மிச்சமில்லாமல் பிரியும்
சாதுவான எண்.

அதில் வந்தவர்கள்
ஐந்து பேர்.