இரண்டாம் காட்சி விட்டு

ஸ்ரான்லி வீதியில் மோட்டார் சைக்கிளை உதைத்தபடி
நிரோஜன் சொன்னான்:
"ஒரு மணித்தியாலம் கழிச்சுத்தான் வாலையே காட்டுறாங்கள்.
எண்ணூறு ரூபாய்க்கு
வால்."

கச்சான் சரை சுற்றுகிறவர் படம் பார்க்கவில்லை.
சுவருக்கு இந்தப் பக்கம் நின்று
மூன்று நாளாய்க் கேட்கிறார்.
"நல்ல சத்தம், தம்பி.
இடைவேளைக்குப் பெடியள் பசியோட வருகினம்."

கடலுக்குள் சும்மா படுத்திருந்ததை
எழுப்பினது ஆர் என்று
யாரோ ஒரு பிள்ளை அழுதுகொண்டு போனது.

மாநகரசபையில் வேலைசெய்யும் ஜெயவதனி
தலைக்கவசத்தைப் போடாமல் நின்றாள்.
"நாப்பது மாடி விழுகுது,
ஒருத்தற்றை தலைமயிரிலயும் புழுதி இல்லை.
விடிய றோட்டு வெளிச்சிட்டுது.
உது பிழை."

"படம்தானே மச்சாள்."

"ஒரு ஒழுங்கையில கல்லு அள்ளவே
எங்களுக்கு ரெண்டு மாரி போச்சுது."

அவன் இயந்திரத்தை நிற்பாட்டினான்.
பேந்து அவளே ஏறி இருந்து,
"வால் நல்லாத்தான் இருந்தது,
எடு" என்றாள்.