பெயர் சொல்லாமல்

பேர்போன அடுப்புக்காரர் அவர்.
குவோப்பியோ பக்கம் சவுனாவுக்கு
தீத்தோலா வாங்கியாச்சா என்றுதான் கேட்பார்கள்,
அடுப்பு என்ற சொல்லே வேண்டாம்.
இப்போது அந்தப் பேர் போய்
என் திரையில் வரிசையாகக் கிடக்கிறது:
தீத்தோலா
தீத்தோலா அடுப்பு
தீத்தோலா விலை
திதோலா
குளிரில் விறைத்த விரல்கள் அப்படித்தான் தட்டுகின்றன.
நான்கையும் வாங்கியிருக்கிறேன்.

எங்கள் கம்பெனி மூன்று வயதுப் பிள்ளை.
அதற்கும் ஒரு பெயர் வைத்தார்கள்,
யாரும் தேடுவதில்லை.
அதனால் பக்கத்துக் கதவைத் தட்டப் போகிறவர்களை
வழியிலேயே நிறுத்தி
இப்படி வாருங்கள் என்று சொல்ல
எனக்குச் சம்பளம்.

வக்கீல் மார்யுக்கா தெளிவாகச் சொல்லிவிட்டாள்:
பெயரை வாங்கலாம்.
உச்சரிக்கக் கூடாது.
விளம்பரத்தின் மூன்று வரியில் எங்காவது
அந்த நான்கு எழுத்து தலைகாட்டினால்
வழக்கு வரும், தோற்போம்.
புருஷன் பெயரை வாயால் சொல்லாமலே
ஆயுள் முழுக்கக் குடித்தனம் நடத்துகிற மாதிரி
அவர் பெயரைச் சொல்லாமல்
அவர் பெயரில் பிழைக்கிறோம்.

கண் சிமிட்டுவதற்குள் ஏலம் முடிந்துவிடும்.
சுத்தியல் இல்லை, கூவல் இல்லை.
எதிரே நின்று கேட்பது யாரென்று
ஒருநாள் அறிக்கையைத் திறந்தேன்.
தீத்தோலா.
தன் பெயரைத் தானே
ஒன்று இருபதுக்குக் கேட்டிருந்தார்.
நான் ஒன்று எண்பது.

அதற்குப் பிறகுதான் அந்தக் காலைகள்.
ஆறு பத்துக்கு ஒரு கிளிக்.
ஆறு பதினொன்றுக்கு,
தன் பெயரைத் தானே பிழையாக எழுதி, இன்னொன்று.
இரண்டு நொடி நிற்பார், திரும்பிப் போவார்.
காபி கொதிக்கிற நேரத்துக்குள்
எங்கள் பையிலிருந்து மூன்று யூரோ அறுபது.
ஞாயிறு மட்டும் எட்டரை ஆகும்.
ஜூன் கடைசியில்
ஊரே ஏரிக்கரைக்குப் போய்விட்ட இரண்டு நாள் வரவில்லை.
கொஞ்சம் கவலைப்பட்டேன்.
அவர்தான் என்பதற்கு ஆதாரம் கிடையாது.
அவர்தான்.

அந்த முகவரியைத் தடுப்புப் பட்டியலில் போட
அரை நிமிடம் போதும்.
மேலாளர் ரைமோ கேட்டபோது மழுப்பினேன்.
எங்கள் விளம்பரத்தைத் தவறாமல் தேடி வருகிற
ஒரே மனிதர்.

நவம்பர். மூன்று மணிக்கே இருட்டிவிட்ட நாள்.
வழக்கமில்லாத நேரத்தில் வந்த கிளிக்
திரும்பிப் போகவில்லை.
நாற்பது நொடி.
இரண்டு நிமிடம்.
கீழே, இன்னும் கீழே இறங்கி
எங்களிடம் கேளுங்கள் என்ற படிவத்துக்கு வந்தார்.
கேள்வி: உங்கள் அடுப்பில் கல் எத்தனை கிலோ?
பெயர்: காலி.
அனுப்பப் பார்த்திருக்கிறார்.
படிவம் சிவந்துகொண்டு,
பெயர் இல்லாமல் முடியாது என்றிருக்கிறது.
மூன்று முறை.
நான்காவது முறை எழுதினார்.

இயந்திரம் யோசிக்கவில்லை,
மார்யுக்காவைக் கேட்கவில்லை.
அரை நொடியில் பதில் போய்விட்டது,
எங்கள் சின்னத்துக்குக் கீழே, எங்கள் பச்சை எழுத்தில்:
அன்புள்ள தீத்தோலா,
எங்களைத் தேடி வந்ததற்கு நன்றி.

கல் அறுபது கிலோ.
அதை நானே எழுதி அனுப்பினேன், பெயர் போடாமல்.
திரும்ப ஒரு வரி வந்தது:
போதாது. நூறு வை. ஆவி நிற்காது.

மறுநாள் ஆறு பத்துக்கு வந்தார்.
இரண்டு நொடி. போனார்.
ஆறு பதினொன்று, பிழையோடு.

நூறு கிலோ பற்றி ரைமோவிடம் பேசினேன்.
நல்ல யோசனை,
யார் சொன்னது என்றார்.

பெயர் சொல்லக் கூடாதே, என்றேன்.