உப்புத் தெரிந்த படகு

காலை ஆறு பத்து. எமரால்டு அணை.
அளவுகோலில் முப்பத்தேழு அடி,
நேற்றைவிட ஒன்றேகால் குறைவு.
ராத்திரி முழுக்கக் கோயமுத்தூரில்
யாருக்கோ புழுங்கியிருக்கிறது.

இந்த நீருக்கு நிலாவோடு பேச்சுவார்த்தை இல்லை.
கீழே குந்தா மின்நிலையத்தில்
பெள்ளிராஜ் டீ கிளாஸை வைத்துவிட்டு
ஒரு பொத்தானை அழுத்துவார்:
வற்றம்.
மேலே அவலாஞ்சியில் மழை பிடித்தால்
ஏற்றம்.

கரைச்சரிவு பார்த்துவருவதும் என் வேலை.
வாரியத்தின் விசைப்படகு
இரண்டு வருடமாய் உதிரிபாகத்துக்குக் காத்திருக்கிறது.
நான் காத்திருக்கவில்லை.

கயாக்கை ஓர்லாவிடம் வாங்கினேன்,
குன்னூரில் மரப்பாசிகளை எண்ணிக்கொண்டிருந்தவள்.
விசா முடிந்த வாரம்
குக்கர், கம்பளி, இந்தப் படகு
எல்லாவற்றுக்கும் அட்டையில் விலை எழுதி
வாசலில் வைத்தாள்.
படகின் அடிவயிற்றில் நீளநீளமாய்க் கீறல்கள்.
அவள் ஊரில், அட்லாண்டிக்கின் ஓரம், பாறைகள் தந்தவை.
"இடது பக்கம் செங்குத்துப் பாறை,
வலது பக்கம் அமெரிக்கா,
நடுவில் நீ" என்றாள்.
"ஒவ்வொரு முறையும் மறக்காமல்
நல்ல தண்ணீரில் கழுவு."

ஓர்லா,
இந்த உயரத்தில்
நல்ல தண்ணீரைத் தவிர வேறொன்றும் இல்லை.

நான் இனயத்துக்காரி.
பிறந்த வீட்டுச் சுவரில் அலை வந்து முட்டும்.
அண்ணன்மார் மூவருக்கும் காற்றுகளின் பெயர் தெரியும்:
கச்சான், வாடை, கொண்டல்.
நீவாடு எந்தப் பக்கம் இழுக்கிறதென்று
தூக்கத்திலும் சொல்வார்கள்.
எனக்கும் தெரியும், கரையில் நின்று கேட்டது.
பொம்பளை கால் வைத்தால் மடி வெறுமையாய் வருமாம்.
வள்ளத்தின் விளிம்பைத் தொட்டதற்கே
பன்னிரண்டு வயதில் கன்னத்தில் ஒன்று வாங்கினேன்.
ஒரு துடுப்பு என் கைக்கு வர
மலையேற வேண்டியிருந்தது.

மே மாதத்துக் கரை, தோலுரித்த கரை.
தண்ணீருக்கும் சீகைக்காட்டுக்கும் நடுவே
ஐம்பதடிக்குச் செம்மண்,
மூழ்கிச் செத்த மரங்களின் அடிக்கட்டைகள்,
ஒற்றை ரப்பர் செருப்பு.
ஒவ்வொரு வளைவுக்கும் பெயர் வைத்திருக்கிறேன்:
எருமைமூக்கு, கேரட்முனை,
அதற்கப்பால் சிக்னல் கிடைக்காத குடா.
இதற்கெல்லாம் வாரியம் படி தருவதில்லை.

எருமைமூக்கைத் திரும்பியதும் பிடித்தது காற்று.
கச்சான்தான். இவ்வளவு தூரம் ஏறி வந்தும்
மூச்சு வாங்கவில்லை அதற்கு.
முழங்கால் உயர அலை;
இனயத்தில் குழந்தைகள் காலால் உதைப்பார்கள் இதை.
ஆனால் உட்கார்ந்திருப்பவளுக்கு
முழங்கால் உயரமே கழுத்து.
பக்கவாட்டில் ஒன்று வந்தது.
வானம் கீழே போனது.

தலைகீழாய்த் தொங்கும்போது
குளிர் காதுக்குள் ஆணி அறைகிறது.
இடுப்பை வெட்டி எழ வேண்டும்.
முதல் முறை இல்லை. இரண்டாவதும் இல்லை.
மூன்றாவதற்கு மூச்சு மிச்சமில்லாமல்
கால்களை உருவி வெளியே நழுவ,

தார் ரோடு.

ஏரியின் நடுவில் நிற்கிறேன், மார்பளவு நீரில்,
அணைக்கு முந்திய ரோட்டின் மேல்,
பாலத்துக் கைப்பிடிச் சுவரில் படகைச் சாய்த்து,
பஸ்ஸுக்கு நிற்கிறவளைப் போல.

கரையில் கேரட் கழுவும் மிஷினை நிறுத்திவிட்டு
போஜன் கத்தினார்:
"மேடம், அந்த ரோட்டுல கடைசி பஸ் போயிடுச்சு!"

சிரித்ததில் ஒரு வாய் ஏரி உள்ளே போனது.

கரையில் படகைக் கவிழ்த்து நீரைக் கொட்டும்போது
மூடியின் ரப்பர் மடிப்பில்
வெள்ளையாய் ஏதோ பொரிந்திருந்தது.
விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன்.
கரித்தது,
இத்தனை நல்ல தண்ணீருக்குப் பிறகும்.

பதிவேட்டில் எழுதினேன்:
கரைச்சரிவு ஏதுமில்லை. காற்று, மேற்கு.
ரோட்டைப் பற்றி எழுதக் கட்டம் இல்லை.

குவார்ட்டர்ஸுக்கு வந்து, நடுங்கும் விரலால்
ஹீட்டரைப் போட்டேன், இரண்டு கம்பியும்.
ஏரி ஒரு மயிரிழை இறங்கியிருக்கும்.
நாளை காலை ஆறு பத்துக்கு
அதையும் நான்தான் குறிக்க வேண்டும்.