சி-ஃபார்ம்

பெயர் ரூத்தா. நாடு லித்துவேனியா.
தொழில் என்ற கட்டத்தில்
பொய்ப்பல் செய்வது என்று எழுதச் சொன்னாள்.
வருகையின் நோக்கம்?
பேனா மூடியைக் கடித்து யோசித்து
"ராத்திரி" என்றாள்.
போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிற தாள்,
நான் சுற்றுலா என்று எழுதிக்கொண்டேன்.

"ரூட்டா? எந்த ரூட்டு?" என்றான்
பெட்டி தூக்க வந்த ஒச்சு.
என்னவென்று புரியாமலே அவளும் சிரித்தாள்.

பத்தரைக்கு இறங்கி வந்தாள், ஷூ மாட்டிக்கொண்டு.
தனியாக வந்திருக்கிறேன்,
இந்த ஊரில் ராத்திரியை எங்கே வைத்திருக்கிறீர்கள்?

ஆட்டம் போடுகிற இடமெல்லாம் கிடையாது, மேடம்.
ஒயின் ஷாப் பத்துக்கே சாத்தியாச்சு,
திறந்திருந்தாலும் அனுப்ப மாட்டேன்.
சாமியே பல்லக்கில் ஏறி
பள்ளியறைக்குப் போயாச்சு.
சொல்லிவிட்டு எனக்கே ஒரு மாதிரி ஆயிற்று.
தூங்கா நகரம் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்கிறோம்,
வந்து கேட்டவளிடம் போய்ப் படு என்பதா?
பழைய பில்லின் முதுகில் கோடு இழுத்தேன்:
இங்கே பரோட்டாக் கடை. இங்கே திரும்பவும்.
இங்கே நாய், ஓடக் கூடாது.
பூ மார்க்கெட்டுக்கு ஆட்டோ,
நூற்றைம்பதுக்கு மேல் ஒரு பைசா தராதே.

ஐந்து மணிக்கு வந்தாள், தலையில் மல்லிகை
குடுமி மாதிரி கோணலாக.
சிம்மக்கல்லில் பூட்டிய கடை வாசலில்
நான்கு லோடுமேன்கள், ஒரு குண்டு பல்பு, கேரம் போர்டு.
சிவப்பைப் போட்டாளாம்,
ஃபாலோவில் கோட்டை விட்டாளாம்.
ஒரு டீ கடன்.
கொத்துப் பரோட்டா மாஸ்டர்
இவள் கால் தட்டுவதைப் பார்த்துத்
தாளத்தை மாற்றினாராம்,
இவள் காலை மாற்ற, அவர் கரண்டியை மாற்ற,
பார்சலுக்கு நின்றவர்கள் பார்சலை மறந்தார்களாம்.

மறுநாள் ராத்திரி ஒச்சுவின் மச்சானோடும் அக்காவோடும்
செக்கானூரணிப் பக்கம் நாடகத்துக்குப் போனாள்.
பபூன் மேடையிலிருந்து கேட்டானாம்,
"வெள்ளையம்மா, மாப்பிள்ளை எங்கே?"
"பல் கட்டினால் நீயே போதும்" என்று
யாரோ சொல்லிக்கொடுத்ததை ஒப்பித்தாளாம்.
விடிய விடிய அதற்கே சிரித்தார்களாம்.

"அப்படியா, அப்படியா" என்று
நான் தாடைக்குக் கை கொடுத்துக் கேட்டேன்.
உனக்கு எது பிடிக்கும்? என்றாள் திடீரென்று.
மேஜை மேல் மின்விசிறி திரும்பிப் போய் வந்தது.
பதினோரு வருஷம் நைட் டூட்டி.
கண்ணாடிக் கதவுக்கு வெளியே
மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி பதினைந்தடி தெரியும்,
சைடில் ஏ.டி.எம். வெளிச்சம்.
அவ்வளவுதான் மேடம் என் ராத்திரி.
அந்த மேப்பும்
ஒச்சு சொல்லக் கேட்டுப் போட்டது.

மூன்றாம் நாள் ஒரு மணிக்கு
என் நாற்காலியில் அவளே உட்கார்ந்துகொண்டாள்.
சாவி, லெட்ஜர், கொசு பேட்,
எல்லாம் அவள் பக்கம் இழுத்துக்கொண்டு
கதவைக் காட்டினாள்.
முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும்.
போனேன்.

கையில் அதே பில். அவள் திருத்தியிருந்தாள்:
நாய்க்கு மேல் ஒரு சிரிக்கும் முகம், பக்கத்தில் பிஸ்கட்.
நான் போட்ட ஒரு சந்தே இல்லை,
அடித்துவிட்டிருந்தாள்.

பல்பு எரிந்துகொண்டிருந்தது.
டீக் கடனைக் கட்ட வந்தேன் என்றதும்
நகர்ந்து இடம் விட்டார்கள்.
"அண்ணனுக்கு எந்த ஊரு?"
இந்த ஊருதான்.
ஒருத்தரும் நம்பவில்லை.
மதுரைக்காரன் இந்நேரத்தில்
இப்படி முழித்துக்கொண்டா நிற்பான் என்றார்
ஸ்ட்ரைக்கர் வைத்திருந்தவர்.
இருபத்தொன்பதுக்கு மூன்றில் தோற்றேன்.

திரும்பினால் லெட்ஜரில் ஒரு புது வரி.
சிவகாசி, காலண்டர் வியாபாரம், அறை 204,
அட்வான்ஸ் ஐந்நூறு, சில்லறை சரியாக இருந்தது.
பெயரைத் தமிழில் அவரே எழுதியிருக்கிறார்.
நோக்கம் என்ற கட்டத்தில் மட்டும்
அவள் கையெழுத்து, அவள் பாஷை.
என்ன எழுதியிருக்கிறாய்?
கொட்டாவியோடு மாடிப்படி ஏறிப் போனாள்.

அடிக்கலாம் என்று பேனாவை எடுத்தேன்.
கை நிறைய போரிக் பவுடர்,
தாளெல்லாம் வெள்ளை.