பூச்சியத்துக்குக் கீழே ஒரு தாள்

மூன்றாம் வகுப்பு. பதினொரு பேர்.
"நம் வட்டாரத்தின் நிலவியல்" என்று
பலகையில் எழுதியதுதான் தாமதம்,
பரப்பளவு, மக்கள்தொகை, உயரமான குன்று
எல்லாம் கணினியிலிருந்து
ஒரே எழுத்துப்பிழையோடு
பதினொரு தாள்களிலும் இறங்கிவிட்டன.

வாங்கி வைத்துக்கொண்டேன்.
எனக்கே விடை தெரியாத ஒன்றைக்
கேட்டுக்கொண்டு வாருங்கள் என்றேன்.
அது அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று.
எனக்குத் தெரியாதவை
மதிய உணவுக்குள் சுவரை நிறைத்தன.
எல்க் மான் நீந்தும்போது கண்ணை மூடுமா?
உறைந்த கடல்மேல் முதல் காரை ஓட்டுவது யார்?
அவருக்குச் சம்பளம் அதிகமா?

வியாழனன்று ரப்பர் காலணிகளோடு
குவார்கன் கரைக்குப் போனோம்.
கரை அங்கே இல்லை.
பழைய வரைபடம் நீலம் என்ற இடத்தில்
முட்புதர், ஆட்டுப் புழுக்கை,
பாறையில் அறைந்த ஓர் இரும்பு வளையம்.
யாரோ படகு கட்டியது.
வளையத்தில் கயிறு முடிந்து
தண்ணீர் காலில் படும்வரை ஸ்வந்தே நடந்தான்.
கயிறு போதவில்லை, ஆகவே எண்ணினான்:
இருநூற்றுப் பன்னிரண்டு காலடி,
நடுவில் ஒருமுறை வழுக்கி விழுந்தது சேர்க்காமல்.

இங்கே தரை எழுகிறது.
பனிப்பாளம் இறங்கிப் போய்
ஆயிரமாயிரம் ஆண்டாகியும்
முதுகு இன்னும் நிமிர்ந்து முடியவில்லை.
ஆண்டுக்கு எட்டு மில்லிமீட்டர்.
தூவா சுவரோடு ஒட்டி நின்று
தான் பிறந்தபின் எழுந்ததைக் கணக்கிட்டாள்:
நான்கு விரற்கடைக்குக் கொஞ்சம் குறைவு.
"நான்தான் வேகம்" என்றாள்.

அப்படி வந்த நிலம் யாருடையது?
கேட்டது எலோஃப்.
இதே கரையில் வளர்ந்தவள் நான்,
ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை.
பெயர், வயது, கேள்வி என்று
வரிசையாய் எழுதி வைத்துக்கொண்டு
நில அளவை அலுவலகத்தை அவனே அழைத்தான்.
எதிர்முனைப் பெண் சிரிக்காமல் பதில் சொன்னாள்:
ஊர்ப் பொதுத் தண்ணீருக்கு அடியிலிருந்து வந்தது,
ஆகவே ஊருக்குப் பொது.
"பொது" என்பதன் கீழ் இரண்டு கோடு போட்டான்.
தாள் கிழிந்தது.

குயென் அதுவரை எதுவும் கேட்டிருக்கவில்லை.
அம்மா தக்காளிக் கண்ணாடிக்கூடத்தில் வேலை;
இங்கு வந்து இரண்டு குளிர்காலம்.
"எங்க மாமா ஊர்ல தரை கீழ போகுது.
அத எங்க எழுதறது?"

நம் வட்டாரம்தானே தலைப்பு என்று
வாய்வரை வந்ததை விழுங்கினேன்.

மெகோங் கடலில் கரையும் முனையில்
மாமாவுக்கு அப்போது மாலை.
கைபேசியைச் சாய்த்து வீட்டைக் காட்டினார்.
மூன்று முறை தரையை மேடாக்கியிருக்கிறார்,
கதவு மட்டும் பழைய இடத்தில்.
குனிந்து வந்தார், குனிந்து போனார்.
"எத்தனை செங்கல்?" என்று தூவா கத்த,
குயென் மொழிபெயர்க்க,
அவர் விரல்களை விரித்தார்:
ஏழு. ஒவ்வொன்றும் எவ்வளவு தடிமன்
என்பதில் பத்து நிமிடம் போயிற்று.

எங்கள் கட்டத்தாளில் பூச்சியம்தான் அடிக்கோடு.
அதற்குக் கீழே மேசை.
கழித்தல் குறி தாங்கிய எண்கள்
இன்னும் இரண்டு வகுப்பு தள்ளி இருக்கின்றன.
நான் யோசித்துக்கொண்டிருக்கையிலேயே
ஸ்வந்தே பசைநாடாவைப் பல்லால் கடித்து
இன்னொரு தாளை அடியில் ஒட்டிவிட்டான்.
அதுவும் போதாமல் இன்னொன்று.
குயென் பூச்சியத்திலிருந்து கீழே
பச்சைப் பென்சிலால் இறங்கினாள்,
மெதுவாக, ஒரு கட்டமும் விடாமல்.

பெற்றோர் மாலைக்கு அதைச் சுவரில் மாட்டினோம்.
வளையம் உயரத்தில்.
கீழ்த்தாளோ சுவருக்குள் அடங்காமல்
மடங்கித் தரையில் கிடந்தது.
கொஞ்சம் மேலே தூக்கி மாட்டலாமே என்றார்
தலைமையாசிரியர்.
பதினொரு பேரும் ஒரே குரலில் மறுத்தார்கள்.

எல்லோரும் போனபின் மிர்சாதா
வாளியும் துடைப்பானுமாய் வந்திருக்க வேண்டும்.
காலையில் தரை முழுக்க இன்னும் ஈரம்.
தாள் மட்டும் நனையவில்லை.