கடைசியில் உலரும் கோடு

பர்கூர் தாண்டியதும் லாரியில் டயர் வெடித்தது.
ஜாக்கி வரும்வரை நிழல் தேடி ஏறினோம்,
டிரைவர் திம்மராயன், கிளீனர் சித்தேஷ், நான்.
பெயர்ப்பலகை இல்லாத பாறை.
வெள்ளாட்டுப் புழுக்கை, உடைந்த பீர் பாட்டில்,
அம்பு துளைத்த இதயத்துக்குள்
யாரோ இருவரின் இனிஷியல்.

எனக்குப் பாறை என்றால் முதலில் விலை.
கிரானைட் கம்பெனியில் பதினோரு வருடமாகத் தரம் பிரிக்கிறேன்.
ஸ்லாப்பைச் சாய்த்து நிறுத்துவார்கள்.
ஒரு மக் தண்ணீர் வீசுவேன்.
கல் முழுக்க நனையும், கல் முழுக்க உலரும்,
விரிசல் மட்டும் கடைசியில் உலரும்.
அந்த ஈரக்கோட்டின் மேல்
சாக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி.
அவ்வளவுதான் நான் கற்ற பார்வை.

இதையும் அப்படித்தான் பார்த்தேன்:
சாம்பலில் சிவப்புப் பொரி,
இடமிருந்து வலம் நீள விரிசல்,
ஏற்றுமதிக்கு ஆகாது.
விரிசலுக்கு மேலே ஏதோ வெள்ளை.

"யாரோ சுண்ணாம்பத் தடவியிருக்காங்க" என்றான் சித்தேஷ்.
"ஆடு" என்றார் திம்மராயன்.
கொம்பு எங்கே என்றேன்.
"மொட்டை ஆடு."
ஆட்டின் மேல் ஆள் உட்கார்ந்திருக்கிறானே?
தலையைச் சாய்த்தார், கண்ணைச் சுருக்கினார்,
"அப்போ குதிரைதான்" என்றார்
சந்தையில் பத்து ரூபாய் குறைத்துக்கொண்டவர் மாதிரி.

கைப்பழக்கம், பாட்டில் மூடியைத் திருகிவிட்டேன்.
தண்ணீர் பட்டால் வெள்ளை துலங்கும்.
போயும்விடும்.
எத்தனை மழைக்கு ஒதுங்கி நின்றதோ
பாறையின் புருவத்துக்குக் கீழே.
தண்ணீரை நானே குடித்தேன்.
பிறகு செய்ய எதுவுமில்லை,
பார்ப்பதைத் தவிர.

அது சிரமமாக இருந்தது.
குதிரை என்று சொல்லிவிட்டதால்
வெறும் குதிரையாகவே நின்றது.
பேரை எடுத்துவிட்டு மறுபடி:
விரல் அகலத்தில் ஒரு கோடு,
தடிப்பாகத் தொடங்கி மெலிகிறது.
விரலால்தான் இழுத்திருக்க வேண்டும்.
வால் திரும்பும் இடத்தில் சாந்து தீர்ந்துபோய்
மீண்டும் தொட்டு வந்து ஒட்டவைத்த சின்னப் புடைப்பு.
அங்கே எனக்குப் பிடரி சிலிர்த்தது.

கால்களுக்கு வந்தேன்.
நாலும் விரிசலில் ஊன்றியிருந்தன.
தரையை வரையவில்லை அந்த ஆள்.
தரை முன்பே கிடந்தது.
நான் வேண்டாம் என்று எழுதும் கோட்டின் மேல்
அவன், அவளாகவும் இருக்கலாம்,
குதிரையை விட்டிருக்கிறார்.

சவாரி செய்பவனுக்கு ஒரு கை மேலே.
"ஈட்டி எறியறான்" சித்தேஷ்.
"டோல்கேட்டுல நிக்கச் சொல்ற மாதிரி இருக்குது" திம்மராயன்.
ஈட்டி இருந்து உதிர்ந்ததா, தெரியவில்லை.
எழுந்து என் கையை அதேபோல் உயர்த்திப் பார்த்தேன்.
எறிகிறவர் இவ்வளவு நேராகத் தூக்கமாட்டார்
என்றது தோள்.
எதையும் எறிந்து பழகாத தோள்.

கீழே ஹாரன் அடித்தார்கள்.

திங்கட்கிழமை, முதல் ஸ்லாப்.
வீசினேன். உலர்ந்தது.
மேல் மூலையிலிருந்து ஒரு விரிசல்
ஓடைபோல் வளைந்து இறங்கியது.
சாக்கட்டியோடு நின்றேன்.
"என்ன மேடம், பாஸா ஃபெயிலா?"
ஃபெயில்தான். குறி போட்டேன்.

போட்டபின் ஒரு கணம் நகரவில்லை.
முதல் கோடு அழுத்தமாகத் தொடங்கி
நுனியில் மெலிந்திருந்தது.
இரண்டாவது
கொஞ்சம் அவசரம்.