அமைதியான இடம்

காலை ஆறு மணிக்கு போன் கேட்கிறது:
ராத்திரி எத்தனை முறை எழுந்தீர்கள்?
சளி என்ன நிறம்?
ஊதல் மருந்து இரண்டு இழுப்பு எடுத்தாயிற்றா?
கட்டைவிரலால் பதில் சொல்கிறேன்.
இருபத்தாறு வருசம் மில்லில்
புளோரூம் பஞ்சைப் பிரித்துப் போட்ட விரல்.

பெருந்துறை ஆஸ்பத்திரியில்
நர்ஸ் ரெபேக்காள் ஏற்றிக் கொடுத்த செயலி.
"பச்சைன்னா வீட்லயே இருங்க.
மஞ்சள்னா எனக்குக் கூப்புடுங்க.
சிவப்புன்னா யோசிக்காம வண்டி புடிங்க."
காந்திபுரம் சிக்னலாட்டவேங்களா என்றேன்.
சிரிக்கவில்லை அந்தப் பிள்ளை.

கடைசிக் கேள்வியில்தான் தகராறு.
போனை வாய்க்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்து
மூச்சை முழுசாய் இழுத்து
ஒரே ஊதாய் ஊத வேண்டும்.
ஊதினால் வருகிறது:
'சத்தம் அதிகம். அமைதியான இடத்துக்குச் செல்லவும்.'

சோமனூரில்.

சுவருக்கு அந்தப் பக்கம் எங்கள் நாலு தறி.
ஓட்டுவது என் வீட்டுக்காரி தெய்வாத்தாள்.
ஒரு நிமிசம் நிறுத்திப் பார்த்தாள்.
நாலுக்கும் சேர்த்து ஒரு சாண் காடாத் துணி போச்சு;
அன்றைக்கு என் மூச்சின் விலை அது.
அப்படியும் செயலி ஒத்துக்கொள்ளவில்லை.
அடுத்த செட்டில் நாச்சிமுத்துவின் பதினாறு,
அதற்கடுத்து இன்னொருத்தர் இருபத்திநாலு.
யார் யாரிடம் போய்
நான் ஊதப் போகிறேன் என்று சொல்ல?

அப்புறம் கூலி உயர்வு கேட்டு ஸ்டிரைக் வந்தது.
பத்தொன்பது நாள்.
குழாய் சொட்டுவது கேட்டது.
என் நெஞ்சு எனக்கே கேட்டது,
குக்கர் விசிலுக்கு முன்னால் சீறுமே, அது.
தினமும் ஊதினேன். தினமும் ஒரு புள்ளி.
புள்ளிகள் சேர்ந்து கோடானது.
ரெபேக்காள் தானே கூப்பிட்டாள்:
"அண்ணா, ஒரு நாள் கூட விடலீங்களே, சூப்பருங்ணா!"
தெய்வாத்தாள் தோட்டை
சொசைட்டி பேங்கில் வைத்துவிட்டு
அப்போதுதான் படி ஏறிக்கொண்டிருந்தாள்.
அதற்குச் செயலியில் கேள்வி இல்லை.

மீட்டருக்கு இத்தனை பைசா என்று பேசி முடித்தார்கள்.
மறுநாள் விடியும் முன்னே ஊரே தடதடத்தது.

நான் சுடுகாட்டுக்குப் போனேன்.
பால் சொசைட்டிச் சுவரில் ஒருதரம் நின்று,
தண்ணித்தொட்டியில் ஒருதரம்,
அப்புறம் எங்கே என்று நினைவில்லை.
எண்ணூற்று நாற்பது அடி.
அதையும் எண்ணிவிட்டு
கைதட்டுகிற படம் போட்டது போன்.
பாடை இறக்கி வைக்கும் கல்லில் உட்கார்ந்து
ஊதினேன்.
பச்சை.

வந்து சொன்னேன்.
"இப்பவே எடம் பாத்துட்டு வாரீங்ளா?" என்றாள்,
அறுந்த இழையை முடிந்தபடி.
சிரித்துக்கொண்டே தறியைக் கிளப்பினாள்.
அதற்குப் பிறகுதான் இருமினாள்.
ஓட்டத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.
தோள் மட்டும் குலுங்கிக் குலுங்கி நின்றது.

என் கையில் போன்
இன்னும் பச்சையாகவே இருந்தது.